நிறுவைக் களத்திலேயே பிழையைப் பிடிப்போம்



அகப்பக்கம் செய்யும் ஒரு சிறு குழு, வகை கேட்கும் கணினி மொழிக்கு மாற வேண்டுமா, பழைய மொழியே போதுமா என்பது இன்றைய வழக்கு. மாற வேண்டும் என்ற அணியில் நிற்கிறேன். "இது கோலாலம்பூர் ஆபீஸ் பிரச்சினை, தேயிலைத் தோட்டத்துக்கு என்ன வந்தது?" என்று பின்வரிசையில் ஒரு பாட்டி முணுமுணுப்பது கேட்கிறது. வருகிறேன் பாட்டி.

ஒரு தோட்டத்துக்குக் கொழுந்து நிறுவைக் கணக்கு எழுதும் அகப்பக்கம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு அம்மா போட்டது 22 கிலோ, மாலையில் 8 கிலோ. மொத்தம் 30. கூடை எடை 2 கிலோ போனால் 28. கிராணியார் பென்சிலால் போட்டாலும் இதுதான் கணக்கு.

ஆனால் திரையில் உள்ள கட்டத்தில் நாம் தட்டுவது எதுவானாலும், உள்ளே எழுத்தாகத்தான் போகிறது. அந்த இரண்டு எழுத்தையும் கூட்டு என்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியிடம் சொன்னால், 22-ஐயும் 8-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 228 ஆக்கிவிடும்! (சிரிப்பு) சரி, 2-ஐக் கழி என்றால்? எழுத்தைக் கழிக்க வழியில்லையே, அதனால் சத்தமில்லாமல் எண்ணாக மாற்றிக்கொண்டு 226 என்று காட்டும். எச்சரிக்கை ஒன்றும் வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், அரை நாள் வேலையில் மாலைக் கட்டம் காலியாக இருந்தால் கணக்கு சரியாகவே வரும். அன்றைக்குச் சோதித்துப் பார்த்தவர் "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டிருப்பார். சம்பள நாளில்தான் குட்டு உடையும். அங்கே நின்று பதில் சொல்ல வேண்டியவர், எழுதியவரும் இல்லை, சோதித்தவரும் இல்லை. அந்த அம்மா.

அந்த மொழியை நான் திட்ட வரவில்லை. 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தைச் செய்தார். சின்னச் சின்னப் பக்கங்களுக்காகப் பிறந்த குழந்தையின் தலையில் நாம் வங்கியையும் சம்பளத்தையும் ஏற்றினோம். 2012 அக்டோபரில் மைக்ரோசாப்ட் டைப்ஸ்கிரிப்ட் மொழியை வெளியிட்டது. முன்னாளில் டர்போ பாஸ்கல் செய்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க்தான் இதற்கும் தலைமைச் சிற்பி. அதே ஜாவாஸ்கிரிப்ட்தான், கூடுதலாக, "இந்த இடத்துக்கு எண் மட்டுமே வரலாம்" என்று எழுதிவைக்கலாம். எழுதிவிட்டால், எழுத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வரியின் அடியில், தட்டிக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கோடு விழும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முற்றிய இலை கலந்திருக்கிறதா என்று நிறுவைக் களத்திலேயே பார்ப்பார்கள். வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்து, நாலைந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளான பிறகு, இது யார் கூடை என்று எந்தத் தண்டல் கண்டுபிடிப்பார்? (கைதட்டல்)

எதிரணித் தலைவர் இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டார். 2023-ல் டர்போ என்ற தொகுப்பிலிருந்து டேவிட் ஹைனமையர் ஹான்சன் டைப்ஸ்கிரிப்டை நீக்கினார் என்றார். உண்மை. அதே ஆண்டு ஸ்வெல்ட் குழுவும் கைவிட்டது என்றார். அது பாதி உண்மை. எழுதும் முறையைத்தான் மாற்றினார்கள். வகைகளைக் குறிப்புரைக்குள் எழுதி, அதே கருவியை வைத்தே இன்றும் சரிபார்க்கிறார்கள். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா?

எவ்வளவு பிழையைப் பிடிக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2019-ல் ஏர்பிஎன்பி நிறுவனப் பொறியாளர் ஒருவர், தங்கள் பிழைகளில் 38 விழுக்காடு தடுத்திருக்கக் கூடியவை என்றார். அது தன் வீட்டுக் கணக்கு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியும் மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவும் 2017-ல் பொதுவில் கிடைத்த 400 பிழைகளைச் சோதித்ததில் 15 விழுக்காடு சிக்கியது. நான் அந்தச் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். ஏழில் ஒன்று என்றாலும் எனக்குப் போதும். மீதிக்குச் சோதனை எழுதத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நிரல் ஓடும் நேரத்தில் இந்த வகைகள் எல்லாம் அழிந்துபோயிருக்கும். வெளியிலிருந்து வரும் தகவலை வாசலிலேயே நாமே சோதிக்க வேண்டும். அடுத்தது, ராத்தலும் எண், கிலோவும் எண். இரண்டும் கலந்தால் டைப்ஸ்கிரிப்ட் தானாகத் தடுக்காது. தனித்தனி வகை நாம்தான் செய்துவைக்க வேண்டும். 1999-ல் நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று பவுண்டுக் கணக்கும் நியூட்டன் கணக்கும் கலந்ததால்தானே அழிந்தது!

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய காரணம் வேறு. நம் சிறு குழுக்களில் ஒரு மூத்தவர் இருப்பார். "எல்லாம் என் தலையில் இருக்கிறது" என்பார். ஒருநாள் நல்ல சம்பளத்துக்குச் சிங்கப்பூர் போய்விடுவார், தலையும் கூடவே போய்விடும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, டிப்ளோமா முடித்து, கடைசியாகச் சேர்ந்த பிள்ளைதான் அந்த நிரலோடு தனியாக உட்கார்ந்திருக்கும். இந்தக் கட்டத்தில் எண் போடுவதா, எழுத்தா, காலியாக விடலாமா? கேட்க ஆளில்லை. வகை எழுதியிருந்தால் நிரலே சொல்லும்.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில வாரம் வேலை மெதுவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் மாற்றச் சொல்லாதீர்கள். கோப்பு கோப்பாக மாற்றலாம், பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடும். 'எனி' என்று ஒரு வகை உண்டு. எது வந்தாலும் பாஸ் கொடுத்து உள்ளே விடும். அவசரத்துக்கு வைத்துக்கொண்டாலும், எத்தனை இடத்தில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எந்தக் கோப்பில் தொடங்குவது என்று எதிரணி கேட்டால், சம்பளக் கோப்பில் தொடங்குங்கள் என்பேன்.