கணக்குத் தெரிந்த தாய்மார்கள்

தோ புவான் உமாசுந்தரி சம்பந்தன் அம்மையாரைப் பற்றிப் பேசும் கடமையை எனக்குத் தந்திருக்கிறீர்கள். நம் நினைவுக் கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. மறைந்தவர் ஆணாக இருந்தால் அவர் என்ன செய்தார் என்று கேட்போம். பெண்ணாக இருந்தால் அவர் எப்படிப்பட்டவர் என்பதோடு நின்றுவிடுவோம். பொறுமையின் வடிவம், தியாகத்தின் திருவுருவம் என்று அடுக்கிவிட்டு, அவர் கையெழுத்திட்ட தாள்களையும் கூட்டிக் கழித்த கணக்குகளையும் ஒரு வரியிலும் தொடாமல் மாலை போட்டுவிடுவோம். அம்மையார் தாய், சமூகத் தொண்டர். இவை இரண்டையும் நாம் மறக்க மாட்டோம். நாம் மறந்துவிடக்கூடியது அவர் ஒரு பெரிய தோட்டத் தொழில் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர் என்பதுதான். அதனால் இன்றைக்கு அதைத்தான் முதலில் பேசப் போகிறேன்.

அந்த நிறுவனம் எப்படிப் பிறந்தது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1950களில் மலாயாவில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கிக் கைமாற்றினார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து தனி அறிக்கையே எழுதினார். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும், ஏனென்றால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வீடு போனால் தோட்டத்துப் பள்ளியும் கோயிலும் போகும். இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் அம்மையாரின் கணவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். பால்மரம் வெட்டிய கைகளின் காசு சேர்ந்து சேர்ந்து கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் பல தோட்டங்கள் வந்தன. 1979 மே மாதம் துன் மறைந்தார். அதன் பிறகு சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் உமாசுந்தரி அம்மையார்.

அது என்ன பொறுப்பு? ரப்பர் விலை உலகச் சந்தையில் ஏறும், இறங்கும். அதை நம்மால் நிறுத்த முடியாது. மரம் முதிர்ந்தால் வெட்டிவிட்டு மறுநடவு செய்ய வேண்டும், நட்ட கன்று பால் தர ஐந்தாறு ஆண்டு ஆகும், அதுவரை அந்த நிலத்திலிருந்து வருமானம் இல்லை. அங்கத்தினருக்கு லாப ஈவு கொடுக்க வேண்டும், தொழிலாளிக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். அந்த அங்கத்தினரும் தொழிலாளியும் பல நேரம் ஒரே ஆள்! தனியார் கம்பெனி முதலாளிக்கு இல்லாத தலைவலி இது. இரண்டு கையும் ஒரே உடம்பில் இருக்கும்போது எந்தக் கையிலிருந்து எடுத்து எந்தக் கைக்குக் கொடுப்பது? இந்த நிர்வாகத்துக்கு நல்ல மனசு மட்டும் போதாது, தெளிந்த மூளை வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதை மறைக்க நான் விரும்பவில்லை. "அந்தப் பதவி கணவரால் வந்ததுதானே?" என்று கேட்பார்கள். கதவு அப்படித் திறந்தது உண்மைதான். ஆனால் அப்பாவின் தோட்டத்துக்கும் தாத்தாவின் கம்பெனிக்கும் ஆண்கள் வாரிசாக வந்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அங்கே பரம்பரை பெருமையாகிறது, இங்கே மட்டும் குறையாகிறது. உள்ளே வந்த வழியை வைத்து ஒரு நிர்வாகியை எடைபோடக் கூடாது, உள்ளே இருந்து செய்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இன்னொரு மறுப்பு நம் கேமரன் மலையிலிருந்தே வரும். "தோ புவான் எங்கே, கொழுந்து பறித்த எங்கள் பாட்டி எங்கே? இந்த மலையின் தேயிலைத் தோட்டங்களை எந்தக் கூட்டுறவும் வாங்கித் தரவில்லையே?" நியாயமான கேள்வி. 1929இல் போ தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சரிவுகள் தனியார் கையில்தான் இருக்கின்றன. வாங்கிய இடங்களிலும் சங்கம் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. நாடெங்கும் எத்தனையோ தோட்டங்கள் பின்னாளில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. இருந்தாலும் அந்த மாதம் 10 வெள்ளியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது எந்த வீட்டில் மிஞ்சியது, யார் மிச்சப்படுத்தியது? 1920களின் இறுதியில் மலாயா அரசாங்கம் தமிழ்த் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாள் கூலி முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியற்காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், இருவரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். குறைத்துக் கொடுத்த அந்தக் கூலியிலிருந்து கடைப் பாக்கி, பிள்ளையின் சிலேட்டு, கோயில் வரி எல்லாவற்றையும் ஒதுக்கி மிச்சம் பிடித்த தாய்மார்கள் இருந்ததால்தான், ஒரு தலைவர் வந்து 10 வெள்ளி கேட்டபோது எடுத்துக் கொடுக்க வீட்டில் ஏதோ இருந்தது. சங்கத்தின் முதல் மூலதனம் அவர்களுடைய அஞ்சறைப் பெட்டியில் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தத் தாய்மார்களின் கணக்குத் திறமைக்கு இன்னோர் எடுத்துக்காட்டாக, மாதாமாதம் எல்லாரும் போடும் பணத்தை முறைவைத்து ஒருவர் எடுக்கும் கூட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொழிலாக நடத்தக் கூடாது என்கிறது. ஏமாந்தவர்களை நினைத்தால் அந்தச் சட்டம் தேவைதான், அதை மீறச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து, யார் வீட்டில் கல்யாணம், யார் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் என்று பார்த்து, யாருக்கு முதலில் கொடுப்பது என்று தீர்மானித்த அந்தத் திறமைக்கு வங்கிகளில் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. நம் வீடுகளில் அதற்கு "அக்காவுக்குக் கைராசி" என்று பெயர்!

தாய்மையே உயர்ந்தது, அதைத் தொழிலோடும் கணக்கோடும் ஏன் கலக்கிறீர்கள் என்று வருந்துபவர்களும் இருக்கலாம். அவர்கள் தோட்டத்துப் பள்ளிகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் கட்டடத்தைக் கொடுக்கும். பிள்ளையைக் கொழுந்துக்கூடைக்கு அனுப்பாமல் வகுப்புக்கு அனுப்ப, ஒரு கூலியை இழக்கத் துணிந்த தாய் வேண்டும். இன்றைய வருமானத்தை நாளைக்காக விட்டுக்கொடுப்பதை வியாபாரி முதலீடு என்பார். அந்தத் தாயின் பாசத்துக்குள்ளேயே அந்தக் கணக்கும் இருந்தது, ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை. வீட்டில் தாய் செய்வதும் உழைப்புதான் என்பதை அரசாங்கமே தாமதமாகவாவது ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகளுக்கும் சொக்சோ சமூகப் பாதுகாப்பு உண்டு, ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால் போதும். இன்னும் பதியாதவர்கள் நாளைக்கே பதிந்துவிடுங்கள்.

தேயிலைச் சரிவுகளில் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கொழுந்து எடுக்கிறார்கள், இயந்திரமும் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் இருக்கிறார்கள். கூடை சுமந்த தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் சிலர்தான். உமாசுந்தரி அம்மையாரின் பெயராவது சங்கத்தின் ஏடுகளில் இருக்கிறது. ஆயாக்கொட்டகையில் பிறர் பிள்ளைகளை வளர்த்தவர், பிரிஞ்சாங் முருகன் கோயில் திருவிழாவில் பந்திக்கு அரிசி அளந்தவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பணம் திரட்டியவர், இவர்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? ஆகவே பள்ளி ஆசிரியர்களுக்கும் கோயில் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆளுக்கொரு நோட்டு எடுங்கள். உங்கள் தோட்டத்தின் மூத்த தாய்மார்களிடம் போய் உட்காருங்கள். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு சம்பாதித்தீர்கள், எப்படி மிச்சம் பிடித்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடு எழுதி, இந்த ஆண்டு முடிவதற்குள் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.