பூட்டிய மாளிகைகள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

‘இல்’ என்னுஞ் சொல் வீட்டையும் உணர்த்தும், இன்மையையும் உணர்த்தும். இவ்விரு பொருளும் ஓரிடத்தே கூடி நிற்கக் காண வேண்டின், வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களுக்குச் செல்க. நம் மாவட்டத்து இராயவரம், அரிமளம் ஆகிய ஊர்களிலும் காணலாம். ஒரு தெருவில் தலைவாயிலும் மறுதெருவிற் புறவாயிலுமாக நீண்ட மாளிகைகள் பல, பூட்டிக் கிடக்கின்றன. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் அங்குண்டு, விளக்கேற்றுவார் இலர்.

இந்நிலை எங்ஙனம் நேர்ந்தது? நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வட்டிக்கடை நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். 1930ஐ ஒட்டி நெல்விலை வீழ, கடனுக்கு ஈடாகப் பர்மாவில் நிலமே அவர்கள் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியப் படை அந்நாட்டுட் புக, பலர் வெறுங்கையராய் மீண்டனர். 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமும் பிறந்தது. பின்வந்தோர் பிழைப்பு நாடிச் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தனர்.

ஆயினும், பொருளிழப்பு ஒன்றே காரணமன்று. வளவைச் சூழ்ந்த அறைகளுள் மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை, மாளிகையோ பொது. தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகுவர். ஓடு மாற்ற ஒருவர் இசையின், செலவுக்கு மற்றொருவர் இசையார். விற்கவோ, அனைவர் கையெழுத்தும் வேண்டும். அதற்குள் மழைநீர் இறங்கும்; உத்தரம் இற்றுப்போம்; கரையான் ஏறும். ஈற்றில் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட்கடைக்குச் செல்லும்.

அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் மாநகரில் 1950இல் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர், 2020இல் 6.4 இலட்சம் பேரும் இலர். மோட்டார்த் தொழில் குன்ற, ஆளில்லாத வீடுகள் பல்லாயிரம் அங்கே இடிக்கப்பட்டன. தொழில் பெயரின் ஊர் தேயும் என்பது எந்நாட்டுக்கும் பொது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. மகிழ்ச்சியே. ஆனால் பட்டியல் ஓடு மாற்றாது. கானாடுகாத்தானிற் சில மாளிகைகள் விடுதிகளாகி உயிர்பெற்றன. ஆள் புழங்கும் வீடே நிற்கும் என்பதற்கு அவை சான்று.

அன்பர்களே! நம் பிள்ளைகளும் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் எனப் பிரிந்துவிட்டனர். நம் வீடுகள் சிறியன. எனினும் பங்குச் சிக்கல் ஒன்றே. ஆதலின், பெரியோர் உயிருடன் உள்ளபோதே உரிமையை எழுத்தில் வரையறுத்து வைப்பீராக. பூர்விகச் சொத்திற் பெண்மக்கட்கும் சமபங்கு உண்டென 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமும், 2005இல் நாடு முழுமைக்குமான சட்டமும் திருத்தப்பட்டன. அவர்களை மறைத்தெழுதும் பத்திரம் வழக்குக்கே வித்தாகும். பராமரிப்பை ஒருவர் பொறுப்பில் விட்டு, ஆண்டுதோறும் அனைவரும் பங்குத்தொகை தருக. ஐப்பசி மழைக்கு முன்னர்க் கூரையைப் பார்ப்பிக்க. காக்க இயலாதாயின், குடியிருக்க விரும்பும் பங்காளிக்கே நியாயவிலைக்குக் கொடுத்துவிடுக. பூட்டி வைத்தல் காத்தல் ஆகாது.