கை வைப்பதற்கு முன்

பிசியோதெரபி முடித்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

இடுப்பு வலிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் நம் விழுப்புரம். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர் நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறார். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 7 வேர்க்கடலை ஊரெல்லாம் பேர் வாங்கியது. அதைப் பிடுங்கி ஆய்ந்த அக்காவின் முதுகை யார் கேட்டார்கள்? ஆகவே உங்களுக்கு வேலை கிடைக்குமா என்ற கவலை எனக்கில்லை. கவலை வேறு.

செல்போனைத் திறந்தால், கழுத்தைப் பிடித்து ‘மடக்’கென்று திருப்பும் வீடியோ. சத்தம் வந்ததும் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டதாக நம்புகிறோம். கிடையாது ஐயா! மூட்டுத் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாகிற சத்தம் அது; விரலில் சொடக்கு எடுத்தாலும் அதேதான். ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கழுத்து முள்ளெலும்புத் துளைகள் வழியாக ஏறுகிறது. வெடுக்கென்று திருப்பி அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், அந்த அரிதானவர் நம் வீட்டு ஆளாக இருந்தால்?

இப்படி முள்ளெலும்பைக் கையால் திருப்பும் வைத்தியம்தான் கைரோபிராக்டிக். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் தொடங்கிய இதற்கு உலக சுகாதார நிறுவனம் 2005இல் வழிகாட்டி போட்டது. முன் மருத்துவப் படிப்பு இல்லாதவருக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் படிப்பு. அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையாளர் கண்முன்னே சிகிச்சைப் பயிற்சி. வீடியோவோ மூன்று நிமிஷம். நம் நாட்டில் இதற்கென்று சட்டப்படியான மன்றம் இல்லாததால் கேட்பாரும் இல்லை.

அந்த ஆயிரம் மணி நேரத்தில் அப்படி என்ன இருக்கிறது? இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு ஒருவர் வருகிறார். ஜூனியருக்குக் கை துறுதுறுக்கிறது. சீனியர் கேட்கிறார்: “அண்ணே, ராத்திரி படுத்தாலும் வலி விடலையா? காய்ச்சல் அடிக்குதா? ஒண்ணுக்குப் போக சிரமமா? உட்கார்ற இடம் மரத்துப்போச்சா?” மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கிப் பார்க்கிறார். குதிகாலில் நடக்கச் சொல்கிறார். பாதம் எழும்பவில்லை, சிறுநீரும் அடைத்திருக்கிறது என்றால் சீனியர் கை வைப்பதே இல்லை; அந்த நிமிஷமே முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிடுகிறார். அன்றைய ஃபீஸ் போச்சு.

அந்தக் கேள்விகளெல்லாம் புத்தகத்திலும் இருக்கின்றன. ஃபீஸை விட்டுக்கொடுக்கிற மனசு இருக்கிறதே, அது ஒருவர் விட்டுக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் ஒட்டும்.

சீனியர்களையும் சும்மா விடமாட்டேன். பல கிளினிக்குகளில் ஜூனியர் என்றால் ஐ.எஃப்.டி. என்கிற மின்சிகிச்சை மெஷினை ஆன் பண்ணி ஆஃப் பண்ணும் ஆள். விழுப்புரம், திண்டிவனம் சீனியர்களே, வாரத்தில் அரை நாளாவது அவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நோயாளியை விசாரியுங்கள். தம்பிகளே, சொந்தக் கிளினிக் திறக்கக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கவில்லையா? ஒரு வருஷம் கழித்துக் கொடுக்கலாம்.