ஏழு பேர் தொடங்கிய சபை

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதச் சந்திப்பில் ஆற்றிய உரை. சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



போன மாதம் டாக்டர் அம்மா இங்கே சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார்கள். அதிலிருந்து இந்த ஹாலில் பக்கோடா நின்று சுண்டல் வந்துவிட்டது. என் பேச்சால் சுண்டலுக்கு ஆபத்து ஏதும் இல்லை.

நான் பேச எடுத்துக்கொண்டது புனித வின்சென்ட் தே பவுல் சபை. கிறிஸ்தவ நண்பர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். மற்றவர்கள் ஏதாவது கத்தோலிக்கக் கோயில் வாசலில், ஏழைகளுக்காக என்று எழுதிய உண்டியலுக்குப் பக்கத்தில் பார்த்திருக்கலாம். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் இல்லை. எனக்கு இந்தச் சபை அறிமுகமானது ஒரு சேமிப்புக் கணக்கு வழியாக.

நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் அவர்களுக்குக் கணக்கு இருந்தது. எந்தக் கிளை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்றாலும் வாடிக்கையாளர் ரகசியம் ரகசியம்தான். திங்கட்கிழமை காலையில் ஒருவர் துணிப்பை நிறையச் சில்லறை கொண்டு வருவார். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், திங்கட்கிழமை சில்லறை எவ்வளவு பெரிய சோதனை என்று. ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். அந்தக் கணக்கில் இருப்பு ஏறவே ஏறாது. வரும், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். ஃபிக்ஸட் டெபாசிட் போடுங்கள், வட்டி வருமே என்று மேனேஜர் கேட்டுப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே, பணத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி சார் என்றார். வந்த பணம் தேவைப்படுகிறவரிடம் போய்ச் சேர வேண்டும், சபையின் பெயரில் தூங்கக் கூடாது என்பது உண்மையிலேயே அவர்கள் ஆரம்பத்திலிருந்து பிடித்து வரும் கொள்கை. வங்கிக்காரனுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்திருந்தது.

ஓய்வுக்குப் பிறகு தேடிப் படித்ததை இப்போது சொல்கிறேன்.

பெயரிலிருந்தே ஒரு குழப்பம். வின்சென்ட் தே பவுல் இந்தச் சபையைத் தொடங்கவில்லை. அவர் 1581 இல் பிறந்து 1660 இல் இறந்த பிரெஞ்சுப் பாதிரியார், விவசாயக் குடும்பம். சபை தொடங்கியது 1833 இல். ஆனாலும் அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். 1617 இல் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் அவர் பங்குத்தந்தை. ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்தில் எல்லோரும் நோயில் படுத்திருக்கிறார்கள், கவனிக்க ஆள் இல்லை என்று செய்தி வருகிறது. ஞாயிறு பிரசங்கத்தில் அதைச் சொல்கிறார். அன்று மத்தியானம் அவரே கிளம்பிப் போனால், சாலை முழுக்க ஜனம்! ஆளாளுக்கு உணவை எடுத்துக்கொண்டு போகிறார்கள், வருகிறார்கள். அவர் சந்தோஷப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் யோசித்தது வேறு. இன்றைக்கு இவ்வளவும் ஒரே நாளில் குவிந்து கெட்டுப்போகும், நாளைக்கு அந்தக் குடும்பம் மறுபடி பட்டினி கிடக்கும் என்று நினைத்தார். சில நாளில் ஊர்ப் பெண்களைக் கூட்டி, முறை வைத்து, ஒரு நாளைக்கு ஒருவர் என்று ஏற்பாடு செய்தார். அதற்கு எழுத்தில் விதிகளும் போட்டார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இதே காட்சியைப் பார்த்தோம். மெயின் ரோட்டில் சாம்பார் சாதப் பொட்டலம் வாங்க ஆள் இல்லை, நாலு தெரு உள்ளே தள்ளி ஒரு பொட்டலமும் போகவில்லை. நம் ஜனங்களுக்கு மனசுக்குக் குறைவே இல்லை. முறை வைக்க ஆள்தான் வேண்டும்.

சரி, 1833 க்கு வருகிறேன். பாரிஸ் நகரம். அதற்கு முந்தின வருஷம்தான் காலராவில் அந்த ஊரில் மட்டும் ஏறக்குறைய 18,000 பேர் செத்திருக்கிறார்கள். அங்கே சட்டம் படிக்க லியோன் நகரத்திலிருந்து ஒரு டாக்டரின் மகன் வருகிறான். பெயர் பிரெடெரிக் ஓசானாம். அவன் தங்கியிருந்தது யார் வீட்டில் தெரியுமா? ஆம்பியர் வீட்டில். நம் வீட்டு ஃப்யூஸில் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று இருக்கிறதே, அதே ஆம்பியர்தான். அந்த விஞ்ஞானி ஆழ்ந்த பக்தியுள்ளவராகவும் இருந்தார்.

பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூடி விவாதம் செய்யும் மன்றம் ஒன்று இருந்தது. ஓசானாம் அங்கே கிறிஸ்தவம் உலகத்துக்குச் செய்த நன்மைகளை அடுக்கிப் பேசுவார். ஒரு நாள் எதிர்த்தரப்பு மாணவன் ஒருவன், பழைய பெருமை இருக்கட்டும், இன்றைக்கு இந்த ஊர் ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டான். விவாதத்தில் வாயடைக்கும் கேள்விகள் வரும், போகும். இந்தக் கேள்வி போகவில்லை.

1833 ஏப்ரல் 23. அன்று ஓசானாமுக்கு இருபதாவது பிறந்தநாள். எம்மானுவேல் பாயி என்பவரின் பத்திரிகை அலுவலகத்தில் ஏழு பேர் கூடினார்கள். ஆறு மாணவர்கள், ஏழாவது பாயி. அவருக்கு மட்டும் நாற்பதை ஒட்டிய வயது. அவரையே தலைவராகப் போட்டார்கள். இது புத்திசாலித்தனமான காரியம் என்பது என் அபிப்பிராயம். பையன்களின் வேகமும் கணக்கு வழக்கு தெரிந்த ஒரு பெரியவரும் சேர்ந்தால்தான் எந்தச் சங்கமும் இரண்டாவது வருஷத்தைப் பார்க்கும். ஜூல் தெவோ என்ற மாணவர் பொருளாளர்.

ஏழைகளுக்கு உதவ வேண்டும், சரி, எந்த ஏழை? இவர்களுக்கு ஒரு முகவரியும் தெரியாது. ரோசலி ரந்து என்ற கன்னியாஸ்திரியிடம் போனார்கள். பாரிஸின் மிக ஏழ்மையான மூஃப்தார் பகுதியில் வருஷக்கணக்காக வேலை செய்தவர் அவர். எந்தச் சந்தில் எந்தக் குடும்பம் எப்படி இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். முகவரிகள் கொடுத்தார். ரொட்டிக்கும் இறைச்சிக்கும் சீட்டுகள் கொடுத்தார். எப்படிப் போய்ப் பேச வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். சபையின் வரலாற்றில் ஓசானாமுக்குக் கிடைத்த வெளிச்சம் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது. 2003 இல் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். ஓசானாமுக்கு 1997 இலேயே கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் வைத்துக்கொண்ட முறை மிக எளிது, இன்றும் அதேதான். வாரம் ஒரு கூட்டம். ஒவ்வொரு குடும்பத்தையும் அதன் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும், வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது. என்ன மதம் என்று பார்த்து உதவக் கூடாது. கூட்ட முடிவில் ஒரு பையைச் சுற்றி அனுப்புவார்கள். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு முடிந்ததைப் போடலாம். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஒன்றும் போடாமல் வெறும் கையை விட்டு எடுத்தாலும் தெரியாது. என் திங்கட்கிழமைச் சில்லறையின் பூர்வீகம் அந்தப் பைதான்.

வீட்டுக்குப் போவதில் என்ன லாபம் என்று கேட்கலாம். ஓசானாமின் வாழ்க்கை வரலாற்றில் வரும் ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். ஒரு பெண், ஐந்து குழந்தைகள், குடித்துவிட்டு அடிக்கும் புருஷன். அவள் சம்பாதிப்பதையும் அவனே பிடுங்கிக் குடித்துவிடுவான். வாரம் ஒரு ரொட்டிச் சீட்டு கொடுத்தால் ரொட்டி தீர்ந்துவிடும், அடி தீராது. ஓசானாம் சட்ட மாணவர் அல்லவா, பேச்சுக் கொடுத்து விசாரித்ததில் அவர்களுக்குச் சட்டப்படி கல்யாணமே ஆகவில்லை என்று தெரிந்தது. அதை வைத்து அவளை அவனிடமிருந்து விடுவித்தார். நண்பர்கள் பணம் திரட்டி அவளையும் சின்னக் குழந்தைகளையும் பிரித்தானி பகுதியிலிருந்த தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய பையன்களுக்குப் பாயியின் அச்சகத்தில் வேலை. இதெல்லாம் வரிசையில் நிற்க வைத்துச் சீட்டுக் கொடுத்திருந்தால் நடந்திருக்காது.

கூட்டம் பெருகியது. நூறு பேர் ஆனதும் பிரிந்து தனித்தனிக் கிளையாக வேண்டும் என்று ஓசானாம் சொல்ல, நட்பு போய்விடும் என்று பாதிப் பேர் எதிர்க்க, பெரிய சண்டை. கடைசியில் பிரிந்தார்கள். 1835 இல் விதிகளை எழுதினார்கள். பிரிந்ததால்தான் பரவியது. 1844 இல் டப்ளினில் தொடங்கி, அடுத்த வருஷமே வந்த அயர்லாந்துப் பஞ்சத்தில் வேலை செய்தார்கள். 1845 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ், 1854 இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் அங்கே வின்னீஸ் கடையைப் பார்த்திருப்பீர்கள். பழைய துணி, சாமான் விற்று அந்தப் பணத்தில் உதவி செய்வது இந்தச் சபைதான்.

பெண்களை ஆரம்பத்தில் சேர்க்கவில்லை. 1856 இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் பெண்கள் தனியாக ஒரு சபை தொடங்க, இரண்டும் ஒன்றாக 1967 ஆகிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல்! முகவரி கொடுத்துத் தொடங்கி வைத்ததே ஒரு பெண் என்பதை இவ்வளவு நாள் மறந்திருக்கிறார்கள்.

அரசாங்கத்தோடும் உரசல் வந்தது. 1861 இல் மூன்றாம் நெப்போலியனின் உள்துறை அமைச்சர் பெர்சிஞ்ஞி ஒரு சுற்றறிக்கை விட்டார். நாடு முழுக்க வாராவாரம் கூடுகிறார்கள், ரகசியம் காக்கிறார்கள் என்றால் எந்த அரசுக்கும் கை அரிக்கும். தலைமைக் குழு இருக்கட்டும், ஆனால் தலைவரை நாங்கள் நியமிப்போம் என்றார்கள். சபை ஒப்புக்கொள்ளவில்லை. பாரிஸ் தலைமைக் குழு கலைக்கப்பட்டது. ஊர்க் கிளைகள் பல வழக்கம்போல் வாரக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தன. இன்று 150 நாடுகளில் சுமார் 8 லட்சம் உறுப்பினர்கள்.

ஓசானாம் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1853 இல் நாற்பது வயதில் இறந்துவிட்டார். அவரைப் பற்றி காமர்ஸ் படித்தவனாக ஒன்று சொல்ல வேண்டும். 1839 இல் லியோன் நகரத்தில் வணிகச் சட்டப் பேராசிரியராக அவருக்கு வேலை கிடைத்தது. நான் பி.காம். முதல் வருஷத்தில் படித்த வணிகச் சட்டத்தில் ஒப்பந்தம், ஏஜென்சி, கூட்டாண்மை மட்டும்தான் இருந்தன. இவர் வகுப்பில் கூலியைப் பற்றிப் பேசினார். தொழிலாளிக்குச் சாப்பாட்டுக்கும், பிள்ளைகள் படிப்புக்கும், வயதான காலத்துக்கும் போதுமான கூலி வேண்டும் என்றார். தர்மம் காயத்துக்குக் கட்டுப் போடும், காயம் படாமல் பார்த்துக்கொள்வது நியாயத்தின் வேலை என்பது அவர் கருத்தின் சாரம். போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டது 1891 இல், அதாவது ஐம்பது வருஷம் கழித்து.

இப்போது நம் வளாகத்து விஷயம். வாட்ச்மேன்கள், ஹவுஸ்கீப்பிங் பெண்கள், வீட்டு வேலை செய்பவர்கள் இவர்களுக்காக ஒரு உதவி நிதி தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் வந்த யோசனைகளில், உதவி கொடுக்கும்போது போட்டோ எடுத்துப் போடுவது, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் நோட்டீஸ் போர்டில் போடுவது என்று இரண்டு இருக்கின்றன. இரண்டையும் நான் எதிர்க்கிறேன். மகள் காலேஜ் ஃபீஸுக்குக் கவரை வாங்கிக்கொண்டு நிற்கும் போட்டோ 200 போனில் ஏறிய பிறகு, மறுநாள் அந்த மனிதர் கேட்டில் நின்று நம் விருந்தாளியின் காரை எப்படி நிறுத்திக் கேள்வி கேட்பார்? அந்தப் பெண்ணும் சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வருகிறாள், நம் பிள்ளைகள் அவளைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, சிலருக்குக் கசக்கும். நம் செக்யூரிட்டிக்காரர்கள் பன்னிரண்டு மணி நேர டூட்டி. வார விடுப்புக்கு மாற்று ஆள் வருவதில்லை. நாம் ஏஜென்சிக்குக் கட்டும் தொகைக்கும் அவர்கள் கையில் வரும் தொகைக்கும் நடுவே என்ன இருக்கிறது, பி.எஃப். கட்டப்படுகிறதா, இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று நாம் கேட்டதில்லை. நிதி தொடங்குவதற்கு முன்னால் அந்தச் சலான்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கேட்டு வாங்கிச் சரிபார்க்கும் வேலையை நானே செய்கிறேன்.



(உரைக்குப் பின் சி பிளாக்கிலிருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்வி: "பெயரே வெளியிடாவிட்டால் பணம் சரியாகத்தான் போகிறது என்று நாங்கள் எப்படி நம்புவது சார்?")

நியாயமான கேள்விம்மா. தொகையை ரகசியமாக வைக்கச் சொல்லவில்லை, பெயரைத்தான். மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எத்தனை குடும்பத்துக்கு, படிப்பா மருந்தா என்று போர்டில் போடலாம். பெயரோடு வவுச்சர் ஃபைல் ஒன்று இருக்கும். அதைப் பார்ப்பவர் இரண்டே பேர், பொருளாளரும், வருஷத்துக்கு ஒரு முறை நம்மிலேயே ஒரு ஆடிட்டரும். போய்ப் பார்த்துவிட்டு வருபவர்களும் இரண்டு பேராகப் போகட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். வவுச்சரில் இரண்டு கையெழுத்தும் வேண்டும். வங்கியில் ஒரு லாக்கர் திறக்கவே இரண்டு சாவி வைத்திருக்கிறோமே.