சராசரிக் கோடும் பங்கின் மதிப்பும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பங்கு விலையின் சராசரியைப் பற்றியது. இது கணக்கில் தேர்ந்தோர்க்கு மட்டும் உரியது என்று எண்ணி எவரும் அயர்ந்துவிட வேண்டாம். முன்னாளில் நமது குடும்பங்களின் சேமிப்பு நிலத்திலும் நகையிலும் வட்டியிலும் இருந்தது. இப்பொழுது அதில் ஒரு பகுதி பங்குகளுக்குச் சென்றுவிட்டது. பெண்ணின் கல்யாணத்திற்கும் பிள்ளையின் படிப்பிற்கும் சேர்த்த பணம், கைபேசித் திரையில் ஏறி இறங்கும் ஒரு கோட்டைப் பார்த்து இடம் மாறுகின்றது. “விலை இருநூறு நாள் சராசரிக்குக் கீழே வந்துவிட்டது, ஆகையால் பங்கு மலிவு” என்னும் பேச்சை நமது வீட்டுத் திண்ணைகளிலேயே கேட்கின்றோம். இப்பேச்சு மெய்யா என்பதை ஆராய்வதே இன்றைய நோக்கம்.

நகரும் சராசரி என்பது யாது? ஒரு பங்கின் கடைசி 200 வியாபார நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுக்க வருவது அன்றைய சராசரி. மறுநாள் புதிய விலையைச் சேர்த்து, மிகப் பழைய விலையை நீக்கி, மீண்டும் வகுக்கவேண்டும். இவ்வாறு நாள்தோறும் ஒரு படி நகர்வதால் அப்பெயர் பெற்றது. 200 வியாபார நாள் என்பது ஏறக்குறைய பத்து மாத காலம். சிலர் 200 வாரக் கணக்கும் பார்ப்பர். அது நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு.

எளிதாக விளங்கும்பொருட்டு ஐந்து நாள் கணக்கு ஒன்று போடுவோம். விலைகள் 100, 102, 104, 106, 108 எனின் சராசரி 104. ஆறாம் நாள் விலை 90-க்கு விழுந்தது. முதல் நாளின் 100-ஐ நீக்கி 90-ஐச் சேர்த்தால் சராசரி 102. விலை ஒரே நாளில் 18 ரூபாய் இறங்க, சராசரி 2 ரூபாயே இறங்கிற்று. அன்றாடக் கொந்தளிப்பை அடக்கி, நெடுநாட் போக்கைக் காட்டுவதே இதன் குணம். இதில் குறை ஒன்றுமில்லை. போக்கைக் காட்டும் இதனை மதிப்பைக் காட்டுவதாகக் கொள்வதில்தான் குறை பிறக்கின்றது.

அஃது எவ்வாறெனில், ஒரு பங்கு நெடுநாள் 100 ரூபாயிலேயே நின்றது என்று கொள்வோம். ஒருநாள் 60-க்கு விழுந்து, பின்பு அங்கேயே அசையாமல் நிற்கின்றது. விழுந்த அன்று 200 நாள் சராசரி 99 ரூபாய் 80 பைசா. அன்று பார்த்தவர், “ஏறக்குறைய நாற்பது சதவீதம் மலிவு” என்பார். நூறாம் நாள் சராசரி 80. அன்று பார்த்தவர், “இருபத்தைந்து சதவீதம் மலிவு” என்பார். இருநூறாம் நாள் சராசரியும் 60. அன்று பார்த்தவர், “விலை சரியே” என்பார். இம்மூவரும் பார்த்த விலை ஒன்றே. கம்பெனியின் லாபம் என்ன, கடன் என்ன, சொத்து என்ன என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. விலையானது சராசரியைத் தேடி மேலே ஏறும் என்பது நமது நம்பிக்கை. ஆனால் சராசரியே விலையைத் தேடிக் கீழே இறங்கிவிடுதலும் உண்டு. சராசரி என்பது விலையின் நிழல். நிழலை அளந்து பொருளின் தரத்தை அறிதல் எங்ஙனம்?

இதைப் பிறர்க்கு உபதேசமாக மட்டும் கூறவில்லை. 2008-ஆம் ஆண்டில் இப்பிழையை நாமே செய்தோம். கட்டிட வேலை செய்துவந்த ஒரு கம்பெனியின் பங்கு அதன் சராசரிக்கு மிகவும் கீழே நிற்கக் கண்டு, மூத்த பெண்ணின் கல்யாணத்திற்கென வைத்திருந்த தொகையில் பாதியை அதிலே போட்டோம். சராசரி இறங்கிவந்து விலையைத் தொட்டது. விலையோ அதற்கும் கீழே போயிற்று. பின்னர் ஐந்தொகையை வாங்கிப் பார்த்தபோது, கடன் பாரம் முந்திய இரண்டு ஆண்டுகளிலேயே அச்சாகியிருந்தது. எம் தகப்பனார் ஒரு கடைக்காரர்க்குச் சரக்குக் கடன் கொடுப்பதாயினும் அவரது பேரேட்டைப் பார்க்காமல் கொடுத்தவரல்லர். அவர் பிள்ளையாகிய நாம் ஒரு கோட்டைப் பார்த்துப் பணம் கொடுத்தோம். கல்யாணம் கடன் வாங்கி நடந்தது. அக்கடனை அடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

இனி உலகறிந்த இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஜப்பான் தேசத்தின் நிக்கே குறியெண் 1989-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி 38,915-ல் முடிந்தது. 1990-ஆம் ஆண்டின் இறுதியில் அது 23,848. தனது நெடுநாட் சராசரிக்கு வெகுதூரம் கீழே வந்துவிட்டபடியால் மலிவென்று வாங்கினோர் பலர். 2003 ஏப்ரலில் அது 7,607-க்கு இறங்கிற்று. 2009 மார்ச்சில் அதற்கும் கீழே சென்றது. 1989-இன் உச்சியைத் தாண்டியது 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதியே. இடையே கழிந்தவை 34 ஆண்டுகள். ஒரு மனிதனின் சம்பாத்திய காலம் முழுவதும் என்னலாம்.

மற்றொன்று நமது பம்பாய்ச் சந்தை. சென்செக்ஸ் 2008 ஜனவரி 8-ந் தேதி 20,873-ல் முடிந்து, 2009 மார்ச் 9-ந் தேதி 8,160-க்கு இறங்கிற்று. இதுவும் சராசரிக்கு வெகுதூரம் கீழே. ஆயினும் 2010 நவம்பருக்குள் பழைய உச்சியை மீண்டும் எட்டிற்று. இரண்டிடத்தும் கோடு காட்டிய அடையாளம் ஒன்றே, முடிவு வேறு. காரணம் கோட்டில் இல்லை. ஜப்பானியப் பங்குகள் உச்சியில் தமது வருஷ லாபத்தைப்போல் ஏறத்தாழ 60 மடங்குக்கு விற்றன. ஆகவே பெருவீழ்ச்சிக்குப் பின்னும் அவை மலிவாகிவிடவில்லை. 2008 அக்டோபர் இறுதியில் நம் நாட்டுப் பெரிய கம்பெனிகளின் பங்குகளோ ஏறத்தாழ 11 மடங்குக்கே கிடைத்தன.

அப்படியாயின் சராசரி பயனற்றதோ எனின், அன்று. எதைச் சராசரி பார்ப்பது என்பதே கேள்வி. அமெரிக்காவில் பெஞ்சமின் கிரஹாம், டேவிட் டாட் என்னும் இருவர் 1934-இல் வெளியிட்ட நூலில், ஓராண்டு லாபத்தை நம்பாது, பல ஆண்டு லாபத்தின் சராசரியோடு விலையை ஒப்பிடுமாறு கூறினர். 2013-இல் நோபெல் பரிசு பெற்ற ராபர்ட் ஷில்லர், விலைவாசி உயர்வையும் கணக்கிற் கொண்டு, பத்து ஆண்டு லாபச் சராசரியைப் பிரபலமாக்கினார். ஓர் உதாரணம்: ஒரு கம்பெனி பங்கொன்றுக்குப் பத்து ஆண்டுகளில் ஈட்டிய லாபம் முறையே 4, 5, 6, 5, 2, 3, 7, 9, 12, 17 ரூபாய் என்க. பங்கின் விலை 170. கடைசி ஆண்டை மட்டும் பார்த்தால் விலை லாபத்தின் 10 மடங்கு, மலிவாகத் தோன்றும். பத்து ஆண்டுச் சராசரி லாபமோ 7 ரூபாய். அதன்படி விலை 24 மடங்குக்கு மேல். சர்க்கரை, சிமெண்டு, எஃகு முதலிய தொழில்களில் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் மாறி மாறி வருவது யாவரும் அறிந்ததே. நல்ல ஆண்டின் மகசூலை மாத்திரம் பார்த்து எவரும் நிலத்திற்குக் கிரயம் பேசுவதில்லை அன்றோ?

இதுவும் நாள் குறித்துச் சொல்லும் சோதிடம் அன்று. 1996-இன் இறுதியிலேயே அமெரிக்கப் பங்குகள் இக்கணக்கின்படி மிகுந்த விலையில் இருந்தன. அதன் பின்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏறியே சென்றன. நசிந்துவரும் தொழிலின் பழைய லாபமும், வளர்ந்துவரும் தொழிலின் பழைய லாபமும் வருங்காலத்தை ஒருபோல் காட்டா.

விலைச் சராசரிக்கும் ஓர் உபயோகம் உண்டு. அது நமது ஆசைக்கும் அச்சத்திற்கும் ஒரு கடிவாளம். விலை சராசரிக்கு மிகவும் மேலே பறக்கும்போது, “ஊரெல்லாம் வாங்குகிறதே” என்று ஓடாமல் நின்று யோசிக்கச் செய்யும். சராசரிக்குக் கீழே இறங்கியவுடன் விற்றுவிடுவது சிலர் கொள்கை. 1929 செப்டம்பரில் 381-ல் இருந்து 1932 ஜூலையில் 41-க்கு வீழ்ந்த டௌ ஜோன்ஸ் குறியெண்ணின் காலம் போன்ற நீண்ட வீழ்ச்சியில் அக்கொள்கை பெரும் பகுதியைக் காப்பாற்றக் கூடும். ஆயினும் விலை கோட்டின் மேலும் கீழுமாக ஊசலாடும் காலங்களில், தாழ்ந்து விற்று உயர்ந்து வாங்கித் தரகுக்கும் வரிக்கும் முதலைக் கரைக்க நேரிடும்.

ஆகவே நாம் வேண்டுவது இவ்வளவே. விலை சராசரிக்குக் கீழே வந்தது என்று ஒருவர் வந்து சொன்னால், அதை வாங்குதற்குரிய கட்டளையாகக் கொள்ளாமல், விசாரிப்பதற்குரிய அழைப்பாகக் கொள்ளுங்கள். பத்து ஆண்டு லாபத்தை எழுதிக் கூட்டி வகுத்துப் பாருங்கள். கடனைப் பாருங்கள். விலை ஏன் இறங்கிற்று என்று கேளுங்கள். கல்யாணத்திற்கும் படிப்பிற்கும் நாள் குறித்துவைத்த பணத்தை இவ்வழியிற் கொண்டுவராதீர்கள். கல்யாண நாள் சந்தைக்காகக் காத்திராது. வீட்டுப் பெண்மக்களும் இக்கணக்கைக் கற்றுக்கொள்ளல் வேண்டும். 2008-இல் எம் மனைவியார், “அந்தக் கம்பெனிக்குக் கடன் எவ்வளவு?” என்று ஒரு கேள்வி கேட்டார். அன்று அதற்கு விடை சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. இருந்தது கோடு ஒன்றே.