மஞ்சள் விளக்கு மினுங்கினால் ஓடலாமா?



சென்ற மாதம் வருமான வரி பற்றிக் கதைத்து முடித்த பிறகு ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, வரி கிடக்கட்டும். எங்கட கார் சிக்னலில நிக்கேக்க குலுங்குது. மஞ்சள் விளக்கு ஒண்டு விட்டு விட்டு மினுங்குது. இன்னும் கொஞ்ச நாள் ஓடேலுமோ?" என்று கேட்டார். நான் கணக்காளன், மெக்கானிக் அல்லன். ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலை ஒருமுறை காசு கட்டிப் படித்தவன். ஆகவே இன்றைய உரை அதைப் பற்றியது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் விளக்கு அசையாமல் எரிந்தால், ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள். விட்டு விட்டு மினுங்கினால், ஓட வேண்டாம்.

நம்மில் பலருக்கு இது கேட்கச் சிரிப்பாக இருக்கும். 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபின், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தங்கத்துக்குச் சமன். சோமர்செற் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவோம். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் குளிரில் சரியாக ஆவியாகாது, முழுதாக எரியாது. பிளக்கில் கரி படியும், தீப்பொறி விழாது, எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும். இறக்கிக் கழற்றி, அரத்தாளால் உரசிப் பூட்டிவிட்டு மறுபடி ஓடுவோம்.

அப்போது நான் வணிகம் படித்துக்கொண்டிருந்த பொடியன். எங்கள் ஊர் கராஜ்கார அண்ணை ஒருவர் எந்தக் கருவியும் இல்லாமல் கோளாறு பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நாலு பிளக் வயர்களில் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். வயரைக் கழற்றியதும் எஞ்சின் இன்னும் தடுமாறினால், அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்தது. கழற்றியும் சத்தம் மாறாவிட்டால், "இவன்தான் வேலை செய்யாம நிக்கிறான்" என்பார். இருப்புநிலைக் கணக்கு பொருந்தாதபோது ஒவ்வொரு பேரேடாக ஒதுக்கிப் பார்ப்போமே, அதே முறை.

அந்தக் காலம் நமக்கு ஒரு பெருமையைத் தந்தது: எதை ஊற்றினாலும், எப்படிக் குலுங்கினாலும் கார் ஓடும். அந்தப் பெருமையோடுதான் நானும் மான்மவுத் ஜங்ஷனில் வாழ்கிறேன். என் 2005ஆம் ஆண்டு ரொயோட்டா கொரொல்லா ஒரு மழைக்காலத்தில் குலுங்கத் தொடங்கி, விளக்கு மினுங்கியபோது, "ஓடுது தானே" என்று இலக்கம் 1 நெடுஞ்சாலையில் ஒன்பது நாள் வேலைக்குப் போய் வந்தேன். கராஜுக்குப் போனால் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம்தான் காரணம். பழுது ஒரு இக்னிஷன் கொயில். எழுபது டொலருக்குள் முடிந்திருக்கும். ஆனால் ஒன்பது நாளில் புகைக்குழாயில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றரும் போய்விட்டது. மொத்தம் ஆயிரத்து நானூறு டொலருக்கு மேல். மற்றவர்களின் செலவுக் கணக்கைப் பார்ப்பவனுக்கு இந்தக் கணக்கை வீட்டில் சொல்வது இலகுவாக இருக்கவில்லை.

ஏன் அப்படி நடக்கிறது? சிலிண்டருக்குள் எரியாத பெற்றோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போய், கொன்வேற்றருக்குள் எரிகிறது. அங்கே உள்ள தேன்கூடு போன்ற பீங்கான் அளவுக்கு மீறிச் சூடாகி உருகுகிறது. ஏ40இல் அப்படி ஒரு பாகமே இருக்கவில்லை. அதனால்தான் ஊரில் பலித்தது இங்கே பலிக்காது. விளக்கு மினுங்குவதன் பொருளே "கொன்வேற்றர் கெடும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது" என்பதுதான்.

இனிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை. 1996 தொடக்கம் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில், ஸ்ரியரிங்குக்குக் கீழே ஒரு சொருகி இருக்கும். இருபது, முப்பது டொலர் வாசிப்புக் கருவியே போதும். ஓட்டோசோன் போன்ற உதிரிப்பாகக் கடைகளில் இலவசமாகவும் வாசித்துத் தருவார்கள். பி0301 என்றால் முதலாம் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை; பெற்றோல் அழுத்தம், காற்றுக் கசிவு போன்ற பொதுக் காரணங்களைத் தேட வேண்டும்.

ஆனால் குறியீடு சிலிண்டரைத்தான் சொல்கிறது, பழுதான பாகத்தைச் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க, அண்ணையின் முறையைச் சற்று மாற்றிச் செய்யலாம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உள்ள கார்களில், எஞ்சின் ஆறிய பிறகு இரண்டாம் சிலிண்டர் கொயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் பூட்டுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு, மறுபடி விழும்வரை சிறிது நேரம் மட்டும் ஓட விடுங்கள். பி0303 என்று மாறினால் கொயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள். அதற்கும் மாறாவிட்டால் இன்ஜெக்ரர் அல்லது சிலிண்டர் அழுத்தம். அது மெக்கானிக்கின் வேலை. ஓடும் எஞ்சினில் வயர் கழற்றும் பழைய வித்தையை இந்தக் கார்களில் செய்யவே வேண்டாம். மின் அதிர்ச்சியும் ஆபத்து, கொன்வேற்றருக்கும் கேடு.

கழற்றிய பிளக்கையும் பாருங்கள். இளம் மண்ணிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. பிளக் குழியில் எண்ணெய் நின்றால், மேல் மூடியின் சீல் கசிகிறது; அதை மாற்றாமல் கொயிலை மட்டும் மாற்றினால் புதுக் கொயிலும் கெடலாம். ரேடியேற்றர் தண்ணீர் காரணமின்றிக் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் காஸ்கற்றைச் சந்தேகிக்க வேண்டும். அத்துடன் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

கராஜுக்குப் போவதற்கு முன் மூன்று விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள். குளிரிலா சூட்டிலா? நிற்கும்போதா, ஏற்றத்தில் இழுக்கும்போதா? மழை நாளிலா? நிற்கும்போது மட்டும் குலுங்கி வேகத்தில் சரியானால், காற்றுக் கசிவாக இருக்கலாம். இழுக்கும்போது மட்டும் என்றால், பெரும்பாலும் கொயில் அல்லது பிளக். அங்கே போய், "எந்தச் சிலிண்டர்? கொயிலை மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்; கழற்றும் பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படியும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆங்கிலம் தடக்கினால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அதில் வெட்கம் இல்லை.

இன்னொன்று. விளக்கு எரிந்தபடி நியூ ஜேர்சிப் பரிசோதனைக்குப் போனால் கார் தேறாது. முதல்நாள் இரவு குறியீட்டை அழித்துவிட்டுப் போனாலும், கணினி தன் சோதனைகளை முடிக்கவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

அந்தத் தாயாருக்கும் இதையே சொன்னேன். அன்றே காரை நிறுத்தினார்கள். மகன் அடுத்த நாள் குறியீட்டை வாசித்து, கொயிலை மாற்றிப் போட்டுப் பார்த்து, பழுதைக் கண்டுபிடித்தான். ஒரு கொயில், நாலு பிளக். கொன்வேற்றர் தப்பியது.

தடைக்காலத்தில் நிற்காமல் ஓடியது நம் கெட்டித்தனம். இங்கே, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதுதான் சிக்கனம்.