உதட்டைப் பார்த்துவிட்டுக் கண்களைப் பாருங்கள்

இன்று பட்டம் பெறும் மருத்துவர்களே, செவிலியர்களே,

இந்த மேடையில் கனவு காணச் சொல்வது வழக்கம். அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் பிரசவ அறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இதே கொச்சியின் மட்டாஞ்சேரியில் பெண்கள், குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. அதுபோன்ற ஓரிடத்தில் நீங்கள் இரவுப் பணியில் இருக்கும்போது, மேலுதட்டின் நட்டநடுவே பிளவோடு ஒரு குழந்தை பிறக்கலாம். வழக்கமான உதட்டுப் பிளவு மூக்குத் துளைக்கு நேராக, பெரும்பாலும் ஒரு பக்கமாக வரும். நடுப்பிளவு மிக அரிது. அதைப் பார்க்காமலே ஓய்வு பெறுபவர்களும் உண்டு.

அந்தக் குழந்தையின் கண்களைப் பாருங்கள். அவை விலகி நின்று, மூக்கு அகன்று, அதன் நுனியும் பிரிந்திருந்தால் அது ஃபிரண்டோநேசல் டிஸ்பிளேசியாவாக இருக்கலாம். 1967இல் வில்லியம் டிமையர் இதை நடுமுகப் பிளவு நோய்த்தொகுதி என்று விவரித்தார். இப்பிள்ளைகளில் பலர் இயல்பான அறிவோடு வளர்கிறார்கள். கண்கள் நெருங்கி, மூக்கு தட்டையாகி, உதட்டின் நடுச்சதையே இல்லாமல் போயிருந்தால் முன்மூளை இரண்டாகப் பிரியாத ஹோலோபுரோசென்செஃபலியைச் சந்தேகிக்க வேண்டும். கடுமையான வகையானால் குழந்தை பிழைப்பதே அரிது. உதட்டில் தெரிவது ஒரே இடைவெளிதான், ஆனால் அது சொல்லும் எதிர்காலம் நேரெதிரானது. இரண்டில் எது என்று தெளியும் முன் தாயிடம் ஆரூடம் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. ஆறுதலுக்காகப் பொய் சொல்லவும் உரிமையில்லை.

இன்னொன்று. மூக்கின் அடியிலோ அண்ணத்திலோ சதைக்கட்டி தெரிந்து, குழந்தை அழும்போது அது புடைத்தால், மூளையே அங்கே பிதுங்கி இறங்கியிருக்கலாம். மூக்கு வழியாகக் குழாய் செலுத்தாதீர்கள். கட்டியிலிருந்து துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பாதீர்கள். முதலில் ஸ்கேன்.

அடுத்து, அறைக்கு வெளியே நிற்பவர்கள். "கிரகணத்தன்று கத்தி எடுத்தாளா?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். கருவின் ஆறு, ஏழாம் வாரத்திலேயே, பல பெண்கள் உண்டாகியிருப்பதை அறியும் வேளையில், மேலுதட்டின் நடுப்பகுதி கூடிவிடுகிறது. கிரகணத்துக்கும் கத்திக்கும் அங்கே வேலையில்லை. ஃபிரண்டோநேசல் டிஸ்பிளேசியா உள்ள சில குடும்பங்களில் ஏஎல்எக்ஸ் மரபணுக்களில் மாற்றம் காணப்படுகிறது. அவ்வகையில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் மாறினால்தான் பெரும்பாலும் நோய் வரும். இதை மாமியார் காதில் விழும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

பசிக்கும் குழந்தைக்குப் பாலாடை போதும். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். தாயின் பாலைப் பீய்ச்சி, தலையை நிமிர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். எந்த மருத்துவமனையிலும் இதைச் செய்யச் செவிலியரால் முடியும்.

அறுவை சிகிச்சைக்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. 1959இல் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு வந்த பார்சி மருத்துவர் எச்.எஸ்.ஆடன்வாலா, தம் ஆசிரியர் சார்லஸ் பின்டோவின் பெயரில் அங்கே பிளவு சிகிச்சை மையம் அமைத்தார். பல பத்தாண்டுகள் அங்கேயே பணிசெய்து, 2020இல் மறைந்தார். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் கவனிக்கும் குறைபாடுகளின் பட்டியலிலும் உதடு, அண்ணப்பிளவு உண்டு. விலகிய கண்குழிகளை மண்டையோட்டின் வழியாக நெருக்கிச் சேர்க்கும் வழியை பிரான்சின் பால் டெசியே 1960களில் காட்டினார். ஆனால் அது குழந்தைக்குச் சில வயது ஆன பிறகுதான். உதட்டுக்குச் சில மாதங்கள், அண்ணத்துக்கு ஒரு வயதையொட்டி, கண்ணுக்குப் பள்ளிப் பருவம் என்று வேலை ஆண்டுக்கணக்கில் நீளும்.

அத்தனை ஆண்டும் அந்தக் குடும்பம் திரும்பத் திரும்ப வரவேண்டும். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் துணி வெளுக்கின்றன. அங்கிருந்து ஒரு தாய் வந்தால், அடுத்து எப்போது, எந்த ஊருக்கு, எந்தப் பிரிவுக்குப் போகவேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி, அவரையே ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.